வீட்டுக்காரியைக் காணாத பாடநூல்

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி இறங்கிய பிறகு, அம்பாறைக் கரையோரத்தில் உயிர் தப்பியவர்களைத் தேடி முதலில் சோற்றுப் பார்சல் வந்தது. பிறகு கூடாரம் வந்தது. அதற்கும் பிறகு படிவங்கள் வந்தன. மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அத்தனை உயிர் போகவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலை ஒட்டிய ஊர்களில் ஒழுங்கை ஒழுங்கையாக வீடுகள் வெறும் அத்திவாரமாகக் கிடந்தன. இழந்த வீட்டுக்கு மாற்று வீடு கேட்கும் படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் பெரும்பாலும் ஆணின் பெயர் ஏறியது. காணியும் வீடும் அந்தப் பெயருக்கே போயின.

இதில் என்ன பிழை என்று கொழும்பில் இருப்பவர் கேட்கலாம். இந்தக் கரையில் பிறந்தவர் கேட்கமாட்டார். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வரிசையாகக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களில் கலியாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது உம்மா வாப்பாவின் கடமை. கட்ட முடியாதவர்கள் தாங்கள் இருக்கும் வீட்டையே மகள் பெயருக்கு எழுதிவிட்டு, அதே வளவின் ஒரு மூலையில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். உம்மாவின் வீடு, ராத்தாவின் வீடு, தங்கச்சியின் வீடு என்று ஒரே வளவு பெண்வழியில் நிரம்பும். ‘குடி’ என்கிற வம்ச அடையாளமும் தாய்வழியே வருகிறது. அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதே வழக்கம். அறுபதுகளின் கடைசியில் அக்கரைப்பற்றுக்கு வந்து பல பத்தாண்டுகள் இந்த வழக்கத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, சுனாமிக்குப் பிறகு பட்ரிசியா லோரன்சுடன் சேர்ந்து மீண்டும் வந்து, சீதன வீடுகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்து எழுதினார். பெண் பெயரில் இருந்த வீடு ஆண் பெயரில் திரும்பி வருவதைக் கிழக்கின் பெண்கள் அமைப்புகளும் அப்போதே சுட்டிக்காட்டின.

படிவத்தில் அந்தக் கட்டத்தைப் போட்ட அதிகாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் நம்முடைய பாடசாலைகளில் படித்தவர். குடும்பம் என்றால் தலைவர் அப்பா, அவர் உழைப்பவர், வீடு அவருடையது, அம்மா அதை ஒழுங்காக வைத்திருப்பவர் என்ற சித்திரம் எங்கேயோ அவர் மனத்தில் பதிந்திருக்கிறது. அது பதியும் இடங்களில் முக்கியமானது ஆரம்ப வகுப்பு. பாடநூலில் இருக்கும் குடும்பமும் படிவத்தில் இருக்கும் குடும்பமும் ஒன்றே. இந்தக் கரையில் இருக்கும் குடும்பம் வேறு.

இலங்கையின் கலைத்திட்டம் மீண்டும் ஒருமுறை மாற்றப்படும் இவ்வேளையில் கேட்க வேண்டிய கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும், ஆண் பெண் சமமாக வேண்டும் என்ற இரண்டு நோக்கங்களையும் எல்லாச் சீர்திருத்தங்களும் முகவுரையில் எழுதிவைக்கின்றன. இந்த ஊர்களில் அவை எந்த இடத்தில் நிறைவேறின, எந்த இடத்தில் தடைப்பட்டன என்பதைப் பார்த்தால், அடுத்ததாகச் செய்யவேண்டியது என்ன என்பது தானாகத் தெரியும்.

வளவுக்குள் இருக்கும் முரண்

முதலில் ஓர் எச்சரிக்கை. வீடு பெண் பெயரில் இருப்பதால் கல்முனைப் பெண் அதிகாரம் மிக்கவள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உறுதி அவள் பெயரில் இருக்கும். அதை எழுதிய நொத்தாரிசுடன் பேசியவர் வாப்பாவாக இருப்பார். ஈடு வைக்க எடுத்துக்கொண்டு போகிறவர் புருஷனாக இருப்பார். குடி தாய்வழியே வரும். அந்தக் குடியின் சார்பில் பள்ளிவாசலில் அமரும் மரைக்காயர் ஆணாகவே இருப்பார். சொத்து ஒருவரிடமும் சொல் இன்னொருவரிடமும் இருக்கும் ஏற்பாடு இது.

அந்த வீட்டைக் கட்டும் பாரமும் சின்னதல்ல. இரண்டு மூன்று மகள்மார் உள்ள வீட்டில், மூத்தவள் பெரிய பிள்ளையானதும் அத்திவாரம் வெட்டும் பேச்சு தொடங்கிவிடும். இந்த ஊர்களிலிருந்து தாய்மார் பலர் வளைகுடா வீடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போனது மகளின் வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் வாங்கத்தான். மருதமுனையில் வீட்டு விறாந்தைகளில் நூல் சுற்றும் பெண்களின் கூலியும் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. ஆக, பாடநூல் ‘வீட்டில் இருப்பவர்’ என்று காட்டும் உம்மாதான் பல குடும்பங்களில் வெளிநாட்டில் உழைத்து அந்த வீட்டையே கட்டியவர். ஆரம்ப வகுப்பின் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் ‘எனது குடும்பம்’ என்று பிள்ளை படம் வரையும்போது, குவைத்தில் இருக்கும் உம்மாவை எந்த இடத்தில் வரைவது என்று கேட்டால் ஆசிரியைக்குக் கைகொடுக்க வழிகாட்டியில் ஒரு வரியும் இராது.

பாடநூல்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதை இலங்கையில் முதலில் விரிவாக எடுத்துப் பேசியவர்களில் கல்வியியலாளர் சுவர்ணா ஜயவீர முக்கியமானவர். 1984இல் உருவான பெண்கள் ஆய்வு நிலையத்தின் மூலவர்களில் ஒருவரான அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: இலவசக் கல்வி பெண்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தது, ஆனால் ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்ற வழமையை அது தொடவில்லை. கல்முனை இந்தக் கூற்றுக்குச் சாட்சி சொல்லும் ஊர்.

பெண்களுக்கென எழுதப்படாத சீர்திருத்தம்

முஸ்லிம்களுக்கு நவீன கல்வி வேண்டும், அது பெண்களுக்கும் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையில் எழுதியவர் சித்தி லெப்பை. ஆனால் மிஷனரிப் பாடசாலை என்றால் மதமாற்றம் என்று அஞ்சிய சமூகம் நீண்டகாலம் ஒதுங்கியே நின்றது. 1942இல், யுத்தகால உணவு உற்பத்திக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார் ஏ.எம்.ஏ. அஸீஸ். நெல் விளைச்சலைப் பெருக்க வந்தவர் இங்கிருந்த பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துவிட்டுக் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் நாடு தழுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாவதற்கும் அவரே காரணம். அதற்கிடையில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980இலிருந்து பாடநூலும் இலவசம்; தொண்ணூறுகளில் சீருடைத் துணியும் இலவசம். மூன்று பிள்ளைகளில் ஒன்றை மட்டும் படிக்கவைக்க முடிகிற வீட்டில் அந்த ஒன்று மகனாகவே இருக்கும். செலவு குறைந்தபோது அந்தத் தெரிவுக்கே தேவை குறைந்தது.

ஆனால் இந்தக் கரையின் பெண்பிள்ளைகளுக்கு ஆகக் கூடுதலாகச் செய்த கலைத்திட்ட மாற்றம் எது என்று கேட்டால், நான் 1972ஐச் சொல்வேன். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி இன்றும் சுமந்திருப்பது அவர் பெயரைத்தான். அவர் காலச் சீர்திருத்தத்தில் கனிஷ்ட இடைநிலை வகுப்புகளுக்குப் பொதுக் கலைத்திட்டம் ஒன்று வந்தது. கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாயின. அதற்கு முன்பு, பாடசாலையின் வசதியும் இருக்கும் ஆசிரியரும் தீர்மானித்தபடி பெண்பிள்ளைகள் பலர் எண்கணிதத்தோடும் மனையியலோடும் நின்றுபோனார்கள். 1972க்குப் பிறகு, விஞ்ஞானம் படிக்கட்டுமா என்று பெண்பிள்ளை யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை. கட்டாயம் என்ற ஒரு சொல் அவளுக்காக வாதாடியது.

அந்தச் சீர்திருத்தத்துக்குப் பெண்ணுரிமை என்ற பெயர்ப்பலகை எதுவும் இருக்கவில்லை. அதன் இன்னொரு பகுதி தோற்றும் போனது. சுற்றாடலிலுள்ள தொழில்களைத் தொழில்முன்னிலைப் பாடங்களாக வகுப்பறைக்குள் கொண்டுவரும் திட்டம் அது. நெசவு, மீன்பிடி, பயிர்ச்செய்கை எல்லாம் பாடமாகக்கூடிய வாய்ப்பு அதில் இருந்தது. ‘என்ட புள்ள தறி பழகவா பள்ளிக்குப் போறான்’ என்ற பெற்றோரின் கேள்விக்கு அதனிடம் பதில் இருக்கவில்லை. புதிய தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை 1975இல் தொடங்கி 1977 வரைதான் நடந்தது. ஆட்சி மாறியதும் பழைய சாதாரண தரப் பரீட்சை திரும்பி வந்தது. ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் கட்டாயம் என்ற விதி மட்டும் எந்த ஆட்சி வந்தும் தப்பிப் பிழைத்தது. இன்று கல்முனை ஆஸ்பத்திரிகளிலும் மருந்தகங்களிலும் இந்த ஊர்ப் பெண்களைப் பார்க்கிறோம் என்றால், அவர்களின் பாதையில் அந்த விதியும் ஒரு படிக்கல்.

ராத்தாவின் கொப்பிகள்

கட்டாயம் எங்கே முடிகிறதோ அங்கே பழைய வழமை திரும்பிவிடுகிறது. அதைக் கண்ணால் காண வேண்டுமானால் 9ஆம் தரத்தின் கடைசித் தவணைக்குப் போக வேண்டும்.

இப்போதைய முறையில் சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மிச்சம் மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து பிள்ளை தெரிய வேண்டும். பிள்ளைகள் இவற்றை ‘பக்கட் பாடம்’ என்பார்கள். மூன்றாவது தொகுதியில்தான் கைத்தொழிலும் எதிர்காலமும் இருக்கின்றன: தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம், விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும், வடிவமைப்பும் நிர்மாணத் தொழில்நுட்பமும், நீருயிரின வளத் தொழில்நுட்பம், மனைப் பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும். காகிதத்தில் இந்தப் பட்டியல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். பாடசாலையில் அது இருக்கும் ஆசிரியருக்கு ஏற்பச் சுருங்குகிறது. பெண்கள் பாடசாலைகளில் மனைப் பொருளியலுக்கு ஆசிரியை இருப்பார், நிர்மாணத் தொழில்நுட்பத்துக்கு ஆள் இராது. ஆண்கள் பாடசாலைகளில் இதற்கு நேர் எதிர். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள பாடசாலைகளிலும் நீருயிரின வளம் படிக்கிற பிள்ளை அரிது.

அப்புறம் வீட்டில் நடக்கும் பேச்சு. இப்படியொரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இந்த ஊர்களில் அதற்குப் பஞ்சமில்லை. மகள் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். ‘ராத்தா எடுத்த பாடத்தையே எடு மகள். கொப்பி, நோட்ஸ் எல்லாம் வீட்ல கெடக்கு. டியூசன் சேருக்கும் நம்மளத் தெரியும்’ என்கிறார் உம்மா. அதில் அன்பும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது: புதுப் பாடம் என்றால் புதுக் கொப்பி, புது டியூசன், இருட்டின பிறகு புது ஒழுங்கையால் வர வேண்டும். மகனுக்கோ மனைப் பொருளியல் என்ற சொல்லே கிட்ட வராது, கூட்டாளிமார் சிரிப்பார்கள். ஐந்தாறு வருஷத்தில் அதே மகன் கத்தாரில் ஓர் அறைக்குள் எட்டுப் பேரோடு இருந்து, தன்னுடைய முறைச் சமையல் நாளில் உம்மாவுக்குப் போன் எடுத்து, கறிக்கு எத்தனை கரண்டி மிளகாய்த்தூள் போடுவது என்று கேட்பான்.

ஆக, பால்நிலை வேறுபாடு கட்டாயப் பாடத்துக்குள் ஒளிந்திருப்பதைவிடத் தெரிவுப் பாடத்தில் வெளிப்படையாகக் குடியிருக்கிறது. யாரும் தடுக்கவில்லை, யாரும் வற்புறுத்தவுமில்லை. ஆசிரியர் நியமனமும் ராத்தாவின் கொப்பியும் டியூசன் நேரமும் சேர்ந்து அதைச் செய்து முடித்துவிடுகின்றன. உயர்தரத்துக்குப் போனால் இதே கதை பெரிய அளவில் தொடர்கிறது. கலைப் பிரிவில் பெண்கள் நிரம்பியிருப்பார்கள். பௌதிக விஞ்ஞானத்திலும் 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவிலும் ஆண்கள் முன்னிற்பார்கள்.

தேறுகிறவள் எங்கே போகிறாள்

படிப்பில் பெண்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்ற கவலை இன்று இலங்கையில் பொருந்தாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி, மதிப்பீட்டு நிலையம் 4ஆம், 8ஆம் தரங்களில் நடத்திவந்த தேசிய மதிப்பீடுகளில் பெண்பிள்ளைகளே ஆண்பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகிறவர்களிலும் பெண்களே பெரும்பான்மை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு வருஷம் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். யுத்தத்தால் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிப்பைத் தொடர முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களுக்காக அப்போதைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் முன்னின்று கொண்டுவந்த நிறுவனம் அது. பேராதனைக்கு மகளை அனுப்பத் தயங்கிய வாப்பாமார், காலையில் பஸ் ஏறினால் அஸருக்குள் வீடு திரும்பக்கூடிய ஒலுவிலுக்குத் தயங்காமல் அனுப்பினார்கள். தூரத்தைக் குறைத்ததே ஒரு பெண்கல்விச் சீர்திருத்தமாக அமைந்தது.

ஆனால் நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். இலங்கை ஆசிரியர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். அதிபர் கதிரைக்குக் கிட்டப் போகப் போக அந்தக் கணக்கு குறைகிறது. கலைப்பட்டம் முடித்த பெண் அரசாங்க ஆசிரிய நியமனத்துக்காக வருஷக் கணக்கில் காத்திருக்கிறாள்; நியமனம் வருமுன் கலியாணம் வந்துவிடுகிறது. பாடசாலை அவளுக்கு மார்க் எடுக்கக் கற்றுக்கொடுத்தது. அதற்கு மேல் என்ன செய்வது என்பதைத் தெரிவுப் பாடம் 14 வயதிலேயே குறுக்கிவிட்டது.

ஆண்பிள்ளைகளின் கதை அதற்கு மறுபக்கம். சாதாரண தரத்தில் கணிதம் விழுந்த பையன் மறுபடி எழுதுவதைவிட மாயாவலைத் தோணிக்கோ, கடைத் தெருவுக்கோ, பாஸ்போட் எடுக்கவோ போய்விடுகிறான். உழைப்பது ஆணின் கடமை என்று பாடநூலும் சமூகமும் ஒரே குரலில் சொன்னதை அவன் மட்டும்தான் முழுசாகக் கேட்டிருக்கிறான். பால்நிலைச் சமத்துவம் என்றால் பெண்ணுக்குச் செய்யும் உதவி என்று நினைப்பவர்கள் இந்தப் பையனை மறந்துவிடுகிறார்கள்.

இதோடு சட்டமும் ஒரு பக்கம் இழுக்கிறது. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016இல் விதி வந்தது. பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995 முதல் 18. ஆனால் 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இருக்கவில்லை. 12 வயதுக்குக் கீழென்றால் காதி நீதிபதியின் அனுமதி வேண்டும் என்றுதான் இருந்தது. இதைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழுவின் அறிக்கை 2018இல்தான் கையளிக்கப்பட்டது. அதன் பிறகும் இழுபறி ஓயவில்லை. ஒரு சட்டம் பிள்ளையை வகுப்பில் வைத்திருக்கச் சொல்லும்போது இன்னொன்று வாசலைத் திறந்தே வைத்திருந்தால், கலைத்திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தும் என்ன செய்யும்?

சொல்லுக்குப் பயப்படும் காலம்

2025 ஜூலையில் பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய புதிய சீர்திருத்தத்தைப் பாராளுமன்றத்தில் விளக்கினார். பாடப்பரப்பைக் குறைத்து மொடியுல்களாகப் பிரிப்பது, பரீட்சைப் பாரத்தை இறக்குவது, சாதாரண தரத்தின் பாட எண்ணிக்கையைக் குறைத்துத் தெரிவுகளை மாற்றியமைப்பது ஆகியவை அதன் சாரம். வரலாறு கட்டாயமா தெரிவா என்பதே முதல் சண்டையானது. 1ஆம், 6ஆம் தரங்களில் 2026இல் தொடங்குவதாக இருந்தது. 6ஆம் தர ஆங்கில மொடியுலில் பிள்ளைகளுக்குப் பொருந்தாத இணைய முகவரி ஒன்று இடம்பெற்றது தெரியவந்து பெரும் கூச்சல் எழுந்தது. 6ஆம் தரச் சீர்திருத்தம் 2027க்குத் தள்ளிப்போனது.

அந்தக் கூச்சலில் ஒரு பகுதி நியாயமானது. பிள்ளையின் கையில் போகும் ஒவ்வொரு வரியையும் பார்க்கத் தவறியது பாரிய கவனயீனம். ஆனால் பால்நிலை என்ற சொல்லே நம் பண்பாட்டைக் கெடுக்க வந்தது என்ற பேச்சும் அதனோடு ஒட்டிக்கொண்டது. 2024இல் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் உயர் நீதிமன்றம் சென்றபோது, மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. அதிலிருந்தே அந்தச் சொல் அரசியல் மேடையில் ஒரு வெடிகுண்டு போலத்தான் கையாளப்படுகிறது.

கேரளம் நமக்குத் தூரமில்லை. உணவிலும் உடையிலும் தாய்வழி வழக்கங்களிலும் இந்தக் கரைக்கு அது உறவு. அங்கே 2022இல் கலைத்திட்ட வரைவில் ஆண் பெண் ஒரே இருக்கை, ஒரே சீருடை என்ற பேச்சு எழுந்தபோது முஸ்லிம் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, அரசு பின்வாங்கியது. 2024இல் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவும் படம் வந்தது. அதைப் பெரும்பாலோர் ரசித்தார்கள். வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்: பிள்ளைகளின் உடலையும் உடையையும் தொட்டபோது ஊர் திமிறியது, வீட்டு வேலையைத் தொட்டபோது சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டது.

கல்முனைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இங்கே சமத்துவத்தை வெளியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வீடு பெண்ணுடையது என்ற வழக்கம் பாட்டன் பூட்டன் காலத்தது. மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் பெண்ணின் சொந்தச் சொத்து என்பது மார்க்கத்தின் விதி. பெண் வீட்டார் கொடுக்கும் கைக்கூலி, விவாகப் பதிவில் எழுதப்படுவது. திரும்பக் கோரி மனைவி காதியிடம் போகலாம் என்பது சட்டம். இந்த மூன்றையும் 9ஆம் தரக் குடியியற் கல்வியிலோ இஸ்லாம் பாடத்திலோ ஒரு கருப்பொருளாக வைத்தால் எந்த மௌலவியும் ஆட்சேபிக்க முடியாது. காணி உறுதி எப்படி இருக்கும், அதில் எல்லைகள் எப்படி எழுதப்படும், நன்கொடை உறுதிக்கும் விற்பனை உறுதிக்கும் என்ன வேறுபாடு, ஈடு வைத்தால் வட்டி எப்படி ஏறும் என்பவை நல்ல கணிதமும் நல்ல தமிழும் நல்ல குடியியலும் ஆகும். நாளை வீட்டுக்குச் சொந்தக்காரியாகப் போகும் பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் எது? மாப்பிள்ளையாகப் போகும் பையனுக்கும் இது அவசரமாகத் தெரிய வேண்டியதுதான்.

நான்கு வேலைகள்

சீர்திருத்தம் எந்த வடிவில் வந்தாலும் இந்த ஊர்களுக்கு நான்கு விஷயங்கள் முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, கணிதமும் விஞ்ஞானமும் 11ஆம் தரம் வரை எல்லாருக்கும் கட்டாயம் என்ற 1972இன் சொத்தை எந்தப் பெயரிலும் தளர்த்தவிடக் கூடாது. சுமை குறைப்பு என்ற நல்ல நோக்கத்தில் தெரிவுகள் பெருகப் பெருக, ராத்தாவின் கொப்பி தீர்மானிக்கும் இடமும் பெருகும்.

இரண்டாவது, தெரிவுப் பாடத்தைப் பாடசாலைக்குப் பாடசாலை பார்க்காமல் ஊருக்கு ஊர் பார்க்க வேண்டும். கல்முனையில் ஆண்கள் பாடசாலையும் பெண்கள் பாடசாலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெண்களையும் ஆண்களையும் ஒரே வகுப்பில் இருத்தத் தேவையில்லை; நிர்மாணத் தொழில்நுட்ப ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் இந்தப் பக்கம் வரட்டும், மனைப் பொருளியல் ஆசிரியை இரண்டு நாள் அந்தப் பக்கம் போகட்டும். வலயக் கல்விப் பணிமனை ஒரு நேரசூசியால் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

மூன்றாவது, தமிழ் மொழிமூல நூல்கள் சிங்களத்தில் எழுதி மொழிபெயர்க்கப்பட்டு வரும் நிலை மாற வேண்டும். தேசிய கல்வி நிறுவகத்தின் எழுத்துக் குழுவில் மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் ஆசிரியைகள் உட்கார்ந்தால்தான், தறியில் பாவு நூலும் ஊடு நூலும் எண்ணுவது விகிதக் கணக்காக மாறும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது ஒரு குடும்ப வகையாகப் பாடநூலில் ஏறும். 1972இன் தொழில்முன்னிலைப் பாடம் தோற்றது, தொழிலைப் படிப்புக்கு மாற்றாக வைத்ததால். தொழிலைக் கணிதத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்தால் எந்த வாப்பாவும் கோபிக்கமாட்டார்.

நான்காவது, கணக்கு. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒவ்வொரு தொகுதிப் பாடத்தையும் எத்தனை ஆண்பிள்ளைகள், எத்தனை பெண்பிள்ளைகள் எடுத்தார்கள் என்ற அட்டவணையை வலயம் வருஷாவருஷம் வெளியிட வேண்டும். புதிதாகத் திரட்டத் தேவையில்லை; ஒவ்வொரு பிள்ளையும் சாதாரண தர விண்ணப்பத்தில் பாடம் எழுதியே கொடுக்கிறது. சமத்துவம் வருகிறதா என்பதைப் பாடநூல் அட்டைப் படத்தில் தேடுவதைவிட அந்த அட்டவணையில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இவற்றில் எதுவும் ஊரின் வழக்கத்தை உடைப்பதல்ல. அரசாங்கத்தின் படிவத்தையும் பாடநூலையும் ஊரின் உண்மைக்கு அருகில் கொண்டுவருவதே. சுனாமிக்குப் பிறகு அந்தக் கட்டத்தில் பெண்ணின் பெயரை எழுதும்படி கேட்கப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. எழுதும் கையும் கேட்கும் வாயும் ஒரே பாடநூலைப் படித்திருந்தன. அடுத்த தலைமுறைக்கு அது நேரக் கூடாது.

கொழும்பு இதைச் செய்யும் வரை காத்திருக்காமல் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த வருஷம் உங்கள் வீட்டில் 9ஆம் தரப் பிள்ளை இருந்தால், மகனாகட்டும் மகளாகட்டும், பாடத் தெரிவுப் படிவம் வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போடுமுன் பிள்ளையிடம் ஒரு தடவை கேளுங்கள்: நீ எந்தப் பாடத்தை எடுக்க நினைக்கிறாய்? பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று பிள்ளை சொன்னால், கையெழுத்தைத் தள்ளிவைத்துவிட்டு அதிபரைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். ஒழுங்கையில் இருக்கும் மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உம்மாமாரும் போக வேண்டும். வீடு அவர்கள் பெயரில்தானே இருக்கிறது.